எட்டு நாளில் நான்கு நாடா, ரோம் மட்டுமா?

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் வாசகி கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறார். கணவர் ஹார்டுவேர் கடை நடத்துகிறார். 9 வயது மகள், உடன் வசிக்கும் 67 வயது அம்மா என நால்வரும் வரும் மே மாதம் முதல்முறையாக ஐரோப்பா போக விரும்புகிறார்கள். மகளுக்கு ரோமில் இருக்கும் பழைய அரங்கமான கொலோசியத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானமும் ரத்த அழுத்தமும் உண்டு. முட்டை கூட சேர்க்காத சைவம். உள்ளூர் ஏஜெண்ட் ஒருவர் "7 இரவு, 8 பகல், வாடிகனையும் சேர்த்து நான்கு நாடுகள்" என்று பாரிஸ் 2 இரவு, சுவிட்சர்லாந்து 2, வெனிஸ் 1, ரோம் 2 எனத் திட்டம் போட்டுக் கொடுத்து 40,000 ரூபாய் முன்பணமும் வாங்கியிருக்கிறார். இத்தாலி விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம், பிரான்ஸ் வழியாக விண்ணப்பிக்கலாம் என்கிறார். வங்கிக் கணக்கில் 5 லட்சம் ரூபாயைக் கைமாற்றாக வாங்கிப் போட்டு வைக்கவும் சொல்கிறார். நுழைவு டிக்கெட்டுகளை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வாசகி நினைக்கிறார். "இவ்வளவு செலவழித்து ஒரே ஊரைப் பார்த்துவிட்டு வந்தால் வீண் இல்லையா? ஏஜெண்ட் சொல்வதை நம்பலாமா?" என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ரோமுக்கு மட்டும் போங்கள், ஆறு இரவு தங்குங்கள். அது வீண் இல்லை. ஏஜெண்டின் திட்டத்தை ஒரு தாளில் மணிக்கணக்காகப் பிரித்து எழுதிப் பாருங்கள். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் பேருந்தில் போனால் ஏறக்குறைய ஒரு முழுப் பகல் போய்விடும். அங்கிருந்து வெனிஸுக்கு இன்னொரு பகல். வெனிஸிலிருந்து ரோம் 500 கிலோமீட்டருக்கு மேல். வந்து இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் கழித்தால் ஊர் பார்க்க மிஞ்சுவது மூன்று நாள்தான். அதையும் நான்கு ஊர்களுக்குப் பங்கு போட வேண்டும். தினமும் பெட்டியைக் கட்டி, அதிகாலையில் பேருந்து ஏறி இறங்குவது உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது.

பயணத் திட்டத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் கொலோசியம் என்ற பெயருக்கு நேரே "நுழைவுச்சீட்டு உட்பட" என்று இருக்கிறதா, "வெளியிலிருந்து பார்த்தல்" என்று இருக்கிறதா? பல பேக்கேஜ்களில் இரண்டாவதுதான் இருக்கும். பேருந்து 20 நிமிடம் நிற்கும், படம் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். கொலோசியத்துக்காகவே வரும் குழந்தைக்கு அது பெரிய ஏமாற்றம்.

விசாவை எந்த நாட்டிடம் கேட்பது?

ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் 29 நாடுகளுக்குள் போகலாம் என்பது உண்மை. ஆனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பது நம் விருப்பம் அல்ல. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. ஏஜெண்ட் கொடுத்த திட்டத்திலேயே இத்தாலிக்கு 3 இரவு, பிரான்ஸுக்கு 2 இரவு. அப்படியிருக்க பிரான்ஸில் விண்ணப்பிக்க வேண்டுமானால் பாரிஸில் தங்காத இரவுகளுக்கு ஹோட்டல் பதிவு காட்டி, விசா வந்ததும் ரத்து செய்ய வேண்டும். பொய் ஆவணம் உங்கள் கையெழுத்தோடுதான் போகும், ஏஜெண்டின் கையெழுத்தோடு அல்ல. கண்டுபிடிக்கப்பட்டால் மறுக்கலாம், கொடுத்த விசாவையும் ரத்து செய்யலாம். அந்த மறுப்பு ஷெங்கன் நாடுகளின் பொதுவான பதிவில் ஏறும். அடுத்து எந்த ஷெங்கன் நாட்டில் விண்ணப்பித்தாலும் முன்னால் வந்து நிற்கும்.

ரோம் மட்டும் போனால் இந்தக் குழப்பமே இல்லை. வழியில் வேறு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறுவதிலும் தவறில்லை. குடியேற்றச் சோதனை அங்கே நடக்கும், அவ்வளவுதான். தோஹா, துபாய், அபுதாபி வழியாகப் போனால் சோதனை ரோமிலேயே. முத்திரைக்குப் பதிலாக முகப்படம் எடுத்துக் கணினியில் பதியும் முறை இப்போது வந்திருப்பதால் வரிசை நீளலாம். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் எதற்கும் டிக்கெட் எடுத்து வைக்காதீர்கள்.

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். மே மாதப் பயணத்துக்கு மார்ச்சில் அப்பாயின்ட்மென்ட் தேடினால் கிடைக்காமல் போவது இயல்பு, ஏனென்றால் பள்ளி விடுமுறைக்காக எல்லோரும் அப்போதுதான் தேடுவார்கள். டிசம்பர், ஜனவரியிலேயே சென்னை விசா மையத்தில் இடம் பிடியுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ. உங்கள் குடும்பத்துக்கு 315 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் இந்தப் பணம் திரும்பாது. 12 வயதுக்குக் கீழ் கைரேகை கிடையாது. அம்மா நேரில் வந்து கைரேகை கொடுத்தாக வேண்டும்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகு இன்னும் 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அம்மாவின் ரத்த அழுத்தத்தையும் முழங்கால் தேய்மானத்தையும் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். மறைத்தால் அங்கே ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது அதையே காரணம் காட்டித் தட்டிக் கழித்துவிடுவார்கள்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விமான டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் இன்னோரிடத்தில் சுருக்கியும் எழுதாதீர்கள். விமானம், ஹோட்டல், காப்பீடு, கொலோசியம் டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துகளே இருக்கட்டும்.

கணக்கில் திடீரென வரும் ஐந்து லட்சம்

இதைச் செய்யாதீர்கள். விசா அதிகாரி கடைசி வரியில் இருக்கும் மீதித்தொகையை மட்டும் பார்ப்பதில்லை; சில மாதங்களின் வரவு செலவு எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார். மாதம் 45,000 சம்பளம் வந்து போகும் கணக்கில் விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு 5 லட்சம் விழுந்தால், அது உங்கள் பணம் இல்லை என்பது வங்கியில் வேலை பார்க்கும் உங்களுக்கே ஒரு பார்வையில் தெரியும். அவருக்கும் தெரியும்.

உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். உங்கள் சம்பளச் சீட்டு, வேலையில் இருப்பதையும் விடுமுறை அனுமதித்ததையும் சொல்லும் கடிதம், வருமான வரித் தாக்கல். கணவரின் ஜிஎஸ்டி பதிவு, கடையின் நடப்புக் கணக்கு, அவருடைய வரித் தாக்கல். அம்மாவின் ஓய்வூதியம், அவர் செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதம். மகளின் பிறப்புச் சான்றிதழ். வைப்புநிதி இருந்தால் ரசீது நகலும் வையுங்கள். நிலையான வேலை, ஓடும் கடை, பள்ளிக்குத் திரும்ப வேண்டிய குழந்தை என்று நீங்கள் ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கான காரணங்கள் உங்களிடம் வலுவாகவே இருக்கின்றன. ஆறு இரவு ரோமுக்கு ஆகும் செலவு இந்த வருமானத்துக்குப் பொருந்துவதும் உங்களுக்குச் சாதகம். ஹோட்டலை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். விமானத்துக்கு உண்மையான ரிசர்வேஷன் போதும். போலி டிக்கெட் வேண்டாம்.

முன்பதிவு செய்தே ஆக வேண்டிய மூன்று

"அங்கே போய் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ரோமின் பெரும்பாலான இடங்களுக்கு அது சரி. கீழே உள்ள மூன்றுக்குச் சரிவராது.

கொலோசியம். அதிகாரப்பூர்வ தளத்தில் 30 நாள் முன்பு டிக்கெட் திறக்கும். அடிப்படைக் கட்டணம் 18 யூரோ. பக்கத்தில் இருக்கும் பழைய நகரச் சிதைவுகளான ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அதில் அடக்கம். 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டவருக்கும் இலவசம், ஆனாலும் மகளுக்கான இலவசச் சீட்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். குறித்த நேரத்தைத் தவறவிட்டால் நுழைவு போய்விடும். தேடுபொறியில் முதலில் வரும் தளங்கள் பல மறுவிற்பனைக்காரர்களுடையவை. இணைய முகவரி "colosseo.it" என்று முடிகிறதா எனப் பாருங்கள். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று அதிக விலைக்கு விற்பதெல்லாம் டிக்கெட் வரிசையைத்தான் தவிர்க்கும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும் நிற்க வேண்டும்.

வாடிகன் அருங்காட்சியகம். 60 நாள் முன்பு திறக்கும். இணைய முகவரி ".va" என்று முடியும். ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவோடு போக வேண்டாம். மே 1 மூடியிருக்கும். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பதால் சேலையும் சுடிதாரும் சிக்கலில்லை; கணவருக்கு அரைக்கால் சட்டை ஆகாது. பலர் ஏமாறுவது வாசலில்தான். அருங்காட்சியகத்தின் வாசல் புனித பேதுரு சதுக்கத்தில் இல்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் 15 முதல் 20 நிமிடம் நடக்க வேண்டும். சதுக்கத்தில் போய் நின்றுகொண்டு நேரத்தைத் தவறவிடுவோர் ஏராளம். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த சிஸ்டைன் தேவாலயக் கூரை கடைசியில்தான் வரும், அங்கே படம் எடுக்கக் கூடாது. சுவரோரம் பெஞ்சுகள் உண்டு. அம்மாவை அங்கே உட்கார வைத்து, அவசரப்படாமல் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

போர்கேசே கலைக்கூடம். முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். இரண்டு மணி நேரத் தவணைதான், திங்கள் விடுமுறை. சிற்பி பெர்னினியின் "அப்போலோவும் டாஃப்னியும்" சிலையை ஒரு பக்கமிருந்து மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சுற்றி வந்து பார்த்தால் டாஃப்னி என்ற அந்தப் பெண்ணின் விரல்கள் இலைகளாக மாறுவது தெரியும். சிற்பம் என்றால் என்னவென்று உங்கள் மகளுக்குப் புரியும் இடம் அது.

டிக்கெட்டுகள் பெரும்பாலும் பணம் திரும்பாதவை. விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். விசா கையில் வந்த பிறகு இவற்றை எடுக்க நேரம் இருக்க வேண்டும்.

நாட்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு வந்து இறங்கினால் மாலையில் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் பக்கம் ஒரு நடை மட்டும். திங்கள் மதியத்துக்கு மேல் கொலோசியம். அந்த டிக்கெட் 24 மணி நேரம் செல்லும் என்பதால் ஃபோரத்தைச் செவ்வாய் காலை வெயில் ஏறுமுன் பாருங்கள். அங்கே நிழல் குறைவு. அங்கே மாக்சென்டியஸ் மண்டபத்தைத் தேடிப் பிடியுங்கள். டொமிஷியன் பேரரசர் காலத்து மிளகுக் கிடங்கின் மேல் எழுந்தது அது. பொன்னோடு சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பிய யவனக் கப்பல்களைப் பற்றிச் சங்கப் பாடல் சொல்கிறதே, அந்தச் சரக்கு வந்து சேர்ந்த இடம் இது என்று மகளிடம் காட்டலாம். புதன் போர்கேசே. வியாழன் வாடிகன் அருங்காட்சியகம். வெள்ளி காலை 7 மணிக்குக் கதவு திறக்கும்போதே புனித பேதுரு பேராலயம். நுழைவு இலவசம், அந்நேரத்தில் வரிசையும் சிறிது. புதன்கிழமை காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருப்பதால் அன்று பேராலயத்துக்குப் போக வேண்டாம். சனி கிளம்பலாம். மதியம் இரண்டு மணி நேரம் எல்லா நாளும் அறையில் ஓய்வு. மே மாதத்தில் இரவு 8 மணி வரை வெளிச்சம் இருக்கும், மாலையில் நிதானமாக நடக்கலாம்.

அம்மாவின் முழங்காலும் தங்கும் இடமும்

ரோமின் பழைய தெருக்களில் பதித்திருப்பவை கைப்பிடி அளவுக் கருங்கற்கள். இடைவெளியில் செருப்பு மாட்டும், மழையில் வழுக்கும். கெட்டியான அடி கொண்ட ஷூவை இப்போதே வாங்கி, திருச்சியில் ஒரு மாதம் நடந்து பழகட்டும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி இலவசம். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. பேராலயத்தின் குவிமாடத்துக்கு மொத்தம் 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சம், போகப் போகச் சுவர் சாய்ந்து வழி குறுகும். அம்மா கீழேயே இருக்கட்டும்.

தங்குவதற்கு வாடிகனை ஒட்டிய பிராத்தி பகுதியைச் சொல்வேன். சமதளம், அகன்ற நடைபாதை, பக்கத்தில் மெட்ரோ. கொலோசியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மோந்தி அழகானது, ஆனால் மேடு பள்ளம் அதிகம். ட்ராஸ்தேவெரேயில் இரவில் நெடுநேரம் சத்தம் இருக்கும். எங்கே எடுத்தாலும் எந்த மாடி, லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்களில் "மையத்தில் அருமையான அறை" என்பது லிஃப்ட் இல்லாத நான்காம் மாடியாக இருக்கும். நகர வரி என்று ஒன்று ஹோட்டலிலேயே தனியாகக் கட்ட வேண்டும். மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 யூரோ. 10 வயதுக்குக் கீழ் இல்லை. உங்களுக்கு ஆறு இரவுக்கு 108 யூரோ.

ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து நேரடி ரயில் ஆளுக்கு 14 யூரோ, 32 நிமிடத்தில் தெர்மினி நிலையம். நான்கு பேர், பெட்டிகள், முழங்கால் வலி என்றால் டாக்ஸியே மேல். ரோம் நகரின் பழைய மதிலுக்கு உட்பட்ட பகுதிக்கு நிர்ணயக் கட்டணம் ஏறக்குறைய 55 யூரோ, அது மொத்த வண்டிக்கு. பிராத்தி மதிலுக்கு வெளியே இருப்பதால் ஏறுமுன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்கும் வெள்ளை நிற டாக்ஸியில் மட்டும் ஏறுங்கள். வருகைக் கூடத்தில் வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று அழைப்பவரோடு போக வேண்டாம். ஊருக்குள் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். காகித டிக்கெட்டைப் பேருந்தில் ஏறியதும் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாமல் கையில் வைத்திருந்தாலும் அபராதம்தான். வெள்ளிக்கிழமைகளில் வேலைநிறுத்தம் வருவதுண்டு. பிராத்தியிலிருந்து பேராலயத்துக்கு நடந்தே போகலாம் என்பதால்தான் அதை வெள்ளிக்கு வைத்தேன். தெர்மினியிலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்தும் மெட்ரோவின் ஏ தடமும் ஜேப்படிக்குப் பேர்போனவை. பாஸ்போர்ட் உடையோடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

முட்டை சேர்க்காத சைவம்

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கண்ணுக்குச் சைவமாகத் தெரிவதை நம்பக் கூடாது. பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். அதற்குள் சீஸோடு நெத்திலி மீனும் இருக்கும். சுப்ளி என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. காய்கறி சூப்பே ஆனாலும் எதில் கொதித்தது என்று கேளுங்கள். புதிதாகச் செய்யும் முட்டைப் பாஸ்தாவைத் தவிர்த்து, உலர்ந்த பாஸ்தாவைத் தக்காளிச் சாறோடு கேட்கலாம். தக்காளி, பூண்டு மட்டும் போட்ட மரினாரா பீட்சாவில் சீஸ் கூட இல்லை. ரோமின் பெக்கோரினோ சீஸில் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது. "சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா" என்றால் இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று பொருள். தாளில் எழுதி வைத்துக் காட்டுங்கள். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் இன்னும் நல்லது. தெர்மினி அருகே எஸ்குவிலினோ சந்தையில் அரிசி, பருப்பு, மசாலா, பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும்.

தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்பும், குனியாமல் குடிக்கலாம். கார்டில் பணம் கட்டும்போது ரூபாயா யூரோவா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று விகிதம் விழும். அம்மாவின் மாத்திரைகளை மருந்தின் பொதுப்பெயரோடு கூடிய மருத்துவர் சீட்டோடு கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். அவசரத்துக்கு 112.

ஏஜெண்டிடம் கட்டிய 40,000

"விசா நிச்சயம்" என்று எந்த ஏஜெண்டாலும் உறுதி சொல்ல முடியாது, முடிவு தூதரகத்துடையது. கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கிறதா, அதில் ரத்து நிபந்தனை என்ன என்று பாருங்கள். பிறகு வாய்மொழியாக அல்லாமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: இதுவரை என்ன பதிவு செய்திருக்கிறார், எந்தத் தொகை யாருக்குக் கட்டப்பட்டது, பயணத்தை ரோமுக்கு மட்டும் மாற்றினால் எவ்வளவு கழிப்பார். பிரான்ஸ் வழி விண்ணப்பத்துக்கும் கணக்கில் கடன் பணம் காட்டுவதற்கும் நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதை அதே மின்னஞ்சலில் தெளிவாக எழுதிவிடுங்கள். அவர் இன்னும் எதையும் பதிவு செய்யவில்லை என்றால் முழுத் தொகையையும் பிடித்து வைப்பதற்கு நியாயம் இல்லை. நியாயமான சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பல தகராறுகள் அந்த நிலையிலேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் அசையாவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அவர் கொடுத்த பயணத் திட்டத் தாள் மூன்றையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள். எழுத்தில் பதில் வரும் வரை அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம். பாஸ்போர்ட்டுகள் அவரிடம் இருந்தால் முதலில் அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள்.